வீட்டில் பராமரிப்புப் பணியாளர்: அரசு அளிக்கும் பயிற்சியும் பணிப் பாதுகாப்பும், குடும்பத்தினர் அறிய வேண்டியவையும்

பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த தந்தை, மறதி நோயால் பாதிக்கப்பட்ட தாய், முதுகுத்தண்டில் காயமுற்ற மகன், புற்றுநோய் முற்றிய நிலையில் வீடு திரும்பிய மனைவி. இவர்களுள் ஒருவர் உங்கள் இல்லத்தில் இருந்தால், மருத்துவமனையிலிருந்து வந்த முதல் நாளிலேயே ஒரு கேள்வி எழுந்திருக்கும்: "இனி இவரை யார் பார்த்துக்கொள்வது?"

மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது மாதத்தில் சில நிமிடங்களே. எஞ்சிய நேரம் முழுவதும் அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, உணவூட்டுவது, உடல் துடைப்பது, மாத்திரை கொடுப்பது, கழிவறைக்கு அழைத்துச் செல்வது ஆகிய பணிகளைச் செய்பவரே நோயாளியின் நலனைப் பெரிதும் தீர்மானிக்கிறார். அவர் குடும்ப உறுப்பினராக இருக்கலாம். ஊதியம் பெறும் பணியாளராகவும் இருக்கலாம். அவருக்கு முறையான பயிற்சி தேவை. அதைப் போலவே, பயிற்சி பெற்ற ஒருவர் அந்தப் பணியில் நீடித்திருப்பதும் தேவை. இவ்விரண்டுக்கும் அரசு என்னென்ன உதவிகளை அளிக்கிறது, அவற்றை நீங்கள் எவ்வாறு பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

நேரடிப் பராமரிப்புப் பணியாளர் என்பவர் யார்?

நோயாளியின் உடலைத் தொட்டு, அன்றாடத் தேவைகளுக்கு உதவும் பணியாளர்கள் அனைவரையும் இச்சொல் குறிக்கும். ஆனால் இவர்கள் அனைவரும் ஒரே தகுதி உடையவர்கள் அல்லர். வேறுபாட்டை அறிந்துகொள்வது உங்கள் நோயாளியின் பாதுகாப்புக்கு முதற்படி.

செவிலியர்: துணைச் செவிலியர் படிப்பு 2 ஆண்டுகள், செவிலியப் பட்டயம் 3 ஆண்டுகள், இளநிலைப் பட்டம் 4 ஆண்டுகள். தமிழ்நாட்டில் பணியாற்றுவோர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

இயன்முறை சிகிச்சையாளர்: தசை, மூட்டு, நரம்பு ஆகியவற்றின் இயக்கத்தை மீட்கப் பயிற்சி அளிப்பவர், இதற்கென உரிய பட்டப் படிப்பு பயின்றவர்.

பராமரிப்பு உதவியாளர்: சில மாதங்கள் நீடிக்கும் குறுகிய காலப் பயிற்சி பெற்றவர். பொதுப் பணி உதவியாளர், வீட்டு நல உதவியாளர், முதியோர் பராமரிப்பாளர் முதலிய பெயர்களில் இப்பயிற்சிகள் உள்ளன. மக்கள் வழக்கில் "ஹோம் நர்ஸ்" என்று அழைக்கப்படுபவர்களுள் பலர் இவ்வகையினரே. இவர்கள் செவிலியர் அல்லர்.

பெண் சுகாதாரத் தன்னார்வலர்: அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்கீழ் இல்லம் தேடி வருபவர்.

குடும்பப் பராமரிப்பாளர்: மனைவி, மகள், மருமகள், மகன், உடன்பிறந்தோர். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ மாற்றுத்திறனாளிக்கு உதவும் பெற்றோரையும் குடும்பத்தினரையும் "பராமரிப்பாளர்" என்ற வரையறைக்குள் சேர்த்துள்ளது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

பயிற்சி ஏன் தேவை? ஒருவரே நீடித்திருப்பது ஏன் தேவை?

என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு குடும்பத்தின் அனுபவம் இதைத் தெளிவாக்கும். பக்கவாதத்தால் படுக்கையில் இருந்த மூதாட்டிக்கு, ஒரு முகமை வழியாக ஐந்து மாதங்களில் நான்கு உதவியாளர்கள் மாறி மாறி வந்தனர். மூன்றாவதாக வந்தவர் இடுப்பின் கீழ்ப்பகுதி எலும்பின்மேல் தோல் சிவந்திருந்ததைக் கவனித்து, இரவிலும் விழித்து மூதாட்டியைத் திருப்பிப் படுக்க வைத்துவந்தார். அந்த மாத இறுதியில் முகமை அவரை வேறு வீட்டுக்கு மாற்றியது. அவர் கவனித்த செய்தி எங்கும் எழுதப்படவில்லை. நான்காவதாக வந்தவருக்கு அதைச் சொல்வாரும் இல்லை. எப்படித் திருப்புவது என்பதைக் கற்றுத் தந்தவரும் இல்லை. மூன்று வாரங்களில் அந்தச் சிவப்பு எலும்பு தெரியும் அளவுக்கு ஆழ்ந்த புண்ணாகிவிட்டது.

இதில் எவரும் அலட்சியம் காட்டவில்லை. கவனித்தவர் போய்விட்டார், வந்தவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே. பின்னர் நோய் ஆதரவுச் செவிலியர் வீட்டுக்குச் சென்று, மருமகளுக்கும் உதவியாளருக்கும் ஒருசேரப் பயிற்சி அளித்தார். அந்த உதவியாளர் வேலையை விடாமல் இருப்பதற்கான ஏற்பாடுகளைக் குடும்பத்தினர் செய்தனர். புண் ஆறுவதற்குப் பல மாதங்கள் ஆயின. ஆயினும் ஆறியது.

படுக்கைப் புண், உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்று ஏற்படும் நிமோனியா, சிறுநீர்க் குழாயால் வரும் தொற்று, கீழே விழுதல், மாத்திரை தவறுதல் ஆகிய ஐந்துமே படுக்கையில் உள்ள நோயாளிகளை மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுவரும் முக்கியக் காரணங்கள். இவை ஐந்தையும் பெருமளவு தடுக்க இயலும். அதற்குத் தேவையானவை கற்றுக்கொண்ட கையும், அந்த நோயாளியை நன்கு அறிந்த கண்ணும். முதலாவதைப் பயிற்சி தரும். இரண்டாவதைக் காலம் மட்டுமே தரும்.

அரசு நேரடியாக அளிக்கும் இல்லச் சேவை

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. தொற்றா நோய்களைத் தடுத்துக் கட்டுப்படுத்தும் பணிக்காக ஐக்கிய நாடுகள் அமைப்பின் முகமைகளுக்கு இடையிலான பணிக்குழு 2024 இல் இத்திட்டத்துக்கு விருது வழங்கியது. இதன்கீழ் உங்கள் இல்லத்திலேயே பெறக்கூடிய சேவைகள்:

• உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான பரிசோதனையும் தொடர் மாத்திரைகளும்
• படுக்கையில் உள்ளோருக்கும் முற்றிய நோயாளிகளுக்கும் நோய் ஆதரவுச் சேவை
• இயன்முறை சிகிச்சை
• வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகள்
• மேல்சிகிச்சை தேவைப்படுவோரை உரிய மருத்துவமனைக்கு அனுப்புதல்

இச்சேவையின் அடித்தளம் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். இவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்சி அளிக்கப்பட்டு, பெரும்பாலும் தாம் வாழும் பகுதியிலேயே பணியமர்த்தப்படுகின்றனர். வட்டார அளவில் நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் இல்லங்களுக்குச் செல்கின்றனர்.

உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நன்மை உண்டு. தெருவை அறிந்தவர் வீட்டை எளிதில் அறிந்துகொள்கிறார். தொலைவிலிருந்து வருபவரைப் போல விரைவில் விலகிச் செல்வதில்லை. அதே நேரத்தில், இவர்கள் பெறுவது மாத ஊதியம் அன்று, ஊக்கத்தொகை என்பதையும், அதை உயர்த்தவும் பணிப் பாதுகாப்பு வழங்கவும் கோரிக்கைகள் எழுந்து வருகின்றன என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பல வீடுகளுக்கும் பொறுப்பானவர். அவர் நாள் முழுவதும் உடனிருந்து பராமரிப்பவர் அல்லர். அவருடைய வருகை உங்கள் பராமரிப்புக்குத் துணைபுரியும், அதற்கு மாற்றாகாது.

பராமரிப்பாளர்களுக்கான அரசுப் பயிற்சிகள்

திறன் மேம்பாட்டுப் பயிற்சி: ஒன்றிய அரசின் பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனா 2015 முதல் செயல்பட்டு வருகிறது. இதன்கீழும், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் வழியாகவும், பொதுப் பணி உதவியாளர், வீட்டு நல உதவியாளர் முதலிய பணிகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சிகள் நடத்தப்படுகின்றன. பாடத்திட்டம் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்புக்கு உட்பட்டது.

முன்கற்றலை அங்கீகரித்தல்: முறையான படிப்பு இல்லாமல் பல ஆண்டுகள் பராமரிப்புப் பணி செய்து அனுபவம் பெற்றவர்கள், குறுகிய அறிமுகப் பயிற்சிக்குப் பின் மதிப்பீட்டில் தேறி அரசுச் சான்றிதழ் பெறலாம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே பணிபுரியும் உதவியாளருக்கு இது மிகவும் ஏற்ற வழி. அவர் நீண்ட நாள் வகுப்புகளுக்காக வேலையை விட வேண்டியதில்லை.

முதியோர் பராமரிப்புப் பயிற்சி: ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்தின்கீழ் உள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பாளர்களுக்கான பயிற்சிகளை நடத்துகிறது. அமைச்சகத்தின் மூத்த குடிமக்களுக்கான திட்டத்தில் இது ஒரு பகுதியாகும்.

கொரோனா காலப் பயிற்சி: 2021 ஜூன் 18 அன்று, 26 மாநிலங்களில் 111 மையங்கள் வழியாக ஒரு லட்சம் பேரைப் பயிற்றுவிக்கும் விரைவுத் திட்டம் தொடங்கப்பட்டது. கற்பிக்கப்பட்ட ஆறு பணிகளுள் வீட்டுப் பராமரிப்பும் ஒன்று. தேவை நேர்ந்தால் பயிற்சியை எவ்வளவு விரைவாக விரிவுபடுத்த இயலும் என்பதற்கு இது சான்று. ஆயினும் சில வாரப் பயிற்சியை ஒரு தொழிலாக மாற்றுவது, அதன்பின் கிடைக்கும் வேலையும் வருவாயுமே.

சட்டநிலை குறித்து ஒரு குறிப்பு: 2021 ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான ஆணையச் சட்டம் இயன்முறை சிகிச்சை முதலிய பல தொழில்களை ஒழுங்குபடுத்துகிறது. ஆனால் துணைநிலைப் பணியாளராக ஏற்கப்படுவதற்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பை அச்சட்டம் வேண்டுகிறது. சில மாதப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் இந்த அளவை எட்டுவதில்லை. செவிலியர்களுக்கு இருப்பதைப் போன்ற பதிவேட்டில் அவர்கள் பெயரைத் தேடிச் சரிபார்க்க இயலாது என்பதே இதன் பொருள். ஆகவே சரிபார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் உங்களுடையதாகிறது.

பணியமர்த்தும் முன் சரிபார்க்க வேண்டியவை

• செவிலியர் என்று கூறுபவரிடம் குழுமப் பதிவு எண்ணைக் கேளுங்கள். 
• உதவியாளரிடம் பயிற்சிச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் க்யூ.ஆர். குறியீடு இருந்தால் கைபேசியில் சரிபாருங்கள்.
• முன்பு பணிபுரிந்த ஒரு குடும்பத்துடன் தொலைபேசியில் பேசுங்கள்.
• அவருக்கு மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். இது அவருடைய பாதுகாப்புக்காக.
• உங்கள் நோயாளிக்குச் செய்ய வேண்டிய ஒரு பணியை, எடுத்துக்காட்டாகப் படுக்கையில் திருப்புவதை, உங்கள் முன்னிலையில் செய்து காட்டச் சொல்லுங்கள். சான்றிதழைவிட இது உங்களுக்கு அதிகம் உணர்த்தும்.

உதவியாளர் செய்யக்கூடியவை: குளிப்பாட்டுதல், உடல் துடைத்தல், வாய் சுத்தம், உணவூட்டுதல், நோயாளியைத் திருப்புதல், நடக்க உதவுதல், மருத்துவர் எழுதிய மாத்திரைகளை உரிய நேரத்தில் எடுத்துக் கொடுத்தல், வெப்பநிலையும் இரத்த அழுத்தமும் பார்த்துக் குறித்தல், சிறுநீர்ப் பையைக் காலி செய்தல்.

உதவியாளர் செய்யக் கூடாதவை: நரம்பில் ஊசி போடுதல், குளுக்கோஸ் ஏற்றுதல், மூக்குவழி உணவுக்குழாயையோ சிறுநீர்க் குழாயையோ புதிதாகப் பொருத்துதல், ஆழ்ந்த புண்ணை வெட்டிச் சுத்தம் செய்தல், மருந்தின் அளவை மாற்றுதல். செலவைக் குறைக்க எண்ணி இவற்றை அவரிடம் கோராதீர்கள். தவறு நேர்ந்தால் நோயாளிக்கும் ஆபத்து, அவருக்கும் பழி.

பயிற்சி பெற்றவர்கள் ஏன் விலகுகின்றனர்?

குறைந்த வருவாய் முதற்காரணம் என்பது வெளிப்படை. நீங்கள் முகமைக்குச் செலுத்தும் தொகை முழுவதும் பணியாளரைச் சென்றடைவதில்லை. ஆனால் ஊதியம் மட்டுமே காரணம் அன்று.

வேலை நேரத்துக்கு எல்லை இராது. 12 மணி நேரப் பணி என்று தொடங்கி, இரவிலும் நோயாளியின் அருகிலேயே படுக்க வேண்டியதாகிவிடும். தொடர்ந்து தூக்குவதாலும் குனிவதாலும் முதுகுவலி வரும். நோயாளியைப் பார்க்க வந்தவரிடம் வீட்டாருக்குச் சமைப்பதும் துணி துவைப்பதும் சேர்ந்துவிடும். சில வீடுகளில் தனித்தட்டு, தனிக்குவளை, தரையில் உணவு என்ற நிலை இன்றும் உள்ளது. நோயாளியின் உடலைத் தூய்மை செய்யும் கை, அந்த வீட்டின் குவளையைத் தொடக் கூடாது என்பது மருத்துவ அறிவுக்கும் மனித மாண்புக்கும் சட்டத்துக்கும் எதிரானது.

அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. நோயாளி இறந்தால், பணியாளர் அதே நாளில் வேலையை இழக்கிறார். மாதக்கணக்கில் ஒருவரைக் குழந்தைபோல் கவனித்தவர், துக்கத்துடன் தன் பையை எடுத்துக்கொண்டு அன்றே புறப்படுகிறார். குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லப் பலர் வருவர். அவருக்கு ஆறுதல் சொல்வார் இல்லை. அடுத்த மாத வருவாயும் இல்லை. இத்தகைய இரண்டு மூன்று அனுபவங்களுக்குப் பின் பலர் துணிக்கடைக்கோ தையல் நிறுவனத்துக்கோ சென்றுவிடுகின்றனர். அவர் கற்ற பயிற்சி அடுத்த நோயாளிக்குப் பயன்படாமல் போகிறது.

பணியில் நிலைத்திருக்க உதவும் அரசுத் திட்டங்கள்

பின்வருவன முறைசாராப் பணியாளர்களுக்கான பொதுத் திட்டங்கள். வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களும் தகுதிக்கு ஏற்ப இவற்றைப் பெறலாம். இவற்றை அவருக்கு எடுத்துச் சொல்லிப் பதிவு செய்ய உதவுவது, நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய நன்மை.

இ-ஷ்ரம் பதிவு: 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தேசியத் தரவுத்தளம். 16 முதல் 59 வயது வரையுள்ள முறைசாராத் தொழிலாளர்கள் ஆதார் எண்ணுடன் இ-சேவை மையத்திலோ இணையம் வழியாகவோ பதிவு செய்யலாம்.

வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம்: தமிழ்நாட்டில் 2007 இல் அமைக்கப்பட்டது. பதிவு பெற்றோருக்குப் பிள்ளைகளின் கல்வி, திருமணம், மகப்பேறு, விபத்து, முதுமை ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் விவரம் பெறலாம்.

விபத்துக் காப்பீடு: பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால், விபத்தில் இறப்போ முழு ஊனமோ நேரும்போது 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். வயது 18 முதல் 70 வரை. வங்கிக் கணக்கு இருந்தால் போதும்.

ஓய்வூதியம்: பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான்தன் திட்டம் 2019 இல் தொடங்கப்பட்டது. மாத வருவாய் 15,000 ரூபாய்க்கு மேற்படாத, 18 முதல் 40 வயது வரையுள்ள முறைசாராத் தொழிலாளர்கள் சேரலாம். அவர் செலுத்தும் தொகைக்கு இணையாக ஒன்றிய அரசும் செலுத்தும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும்.

பாலியல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பு: 2013 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி வீடும் ஒரு பணியிடமே. வீட்டில் பணிபுரியும் பெண் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் அளிக்கலாம். மகளிர் உதவி எண் 181.

அரசின் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் இத்தகைய பாதுகாப்பு படிப்படியாக விரிவடைந்துள்ளது. எடுத்துக்காட்டாக, 2005 இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தில் உருவான ஆஷா பணியாளர்களுக்கு, 2018 இல் காப்பீட்டுத் திட்டங்களும், பின்னர் ஓய்வூதியத் திட்டமும் விரிவுபடுத்தப்பட்டன. 2024 இல் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடும் அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. தன்னார்வலர் என்று அழைக்கப்படுபவரும் நோயுறுவார், முதுமையடைவார் என்பதை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

1. பணியை எழுத்தில் வரையறுங்கள். வேலை நேரம், ஊதியம், ஊதிய நாள், வார விடுப்பு, செய்ய வேண்டிய பணிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். முகமை வழியாக வந்தவரெனில், அவர் கைக்கு எவ்வளவு சேர்கிறது என்பதையும் கேட்டறியுங்கள்.

2. உறக்கம் கொடுங்கள். இரவில் பலமுறை எழுந்தவருக்குப் பகலில் தொடர்ச்சியான ஓய்வு தேவை. உறக்கமின்மையே மாத்திரை மாறுவதற்கும் நோயாளி விழுவதற்கும் காரணமாகிறது.

3. தூக்குவதற்குத் துணை நில்லுங்கள். கனமான நோயாளியை ஒருவரே தூக்கக் கூடாது. நோயாளியின் கீழ் ஒரு மடித்த போர்வையை விரித்து, இருபுறமும் இருவர் பிடித்து நகர்த்தினால் பணியாளரின் முதுகும் நோயாளியின் தோலும் பாதுகாக்கப்படும்.

4. பராமரிப்புக் குறிப்பேடு வைத்திருங்கள். இதுவே இப்பக்கத்தின் மிக முக்கியமான அறிவுரை. சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். நாள்தோறும் குறிக்க வேண்டியவை: திருப்பிய நேரங்கள், உண்ட அளவு, சிறுநீர், மலம், கொடுத்த மாத்திரைகள், தோலில் காணும் மாற்றங்கள், வலி, நோயாளியின் விருப்பு வெறுப்புகள். பணியாளர் மாறினாலும் அவர் அறிந்தது வீட்டிலேயே தங்கும். மருத்துவரிடம் வரும்போதும் இதைக் கொண்டுவாருங்கள்.

5. மாற்றம் தவிர்க்க இயலாதெனில், பழையவரும் புதியவரும் குறைந்தது ஒரு நாள் சேர்ந்து பணிபுரிய ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஒரு நாள் ஊதியம் வீண் செலவு அன்று.

6. ஊசி குத்திவிட்டால், அந்த இடத்தைச் சோப்பாலும் நீராலும் கழுவி, இயன்றவரை இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள், அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தடுப்பு மருந்து தேவையா என்பதை அங்கே முடிவு செய்வர்.

7. இறுதிக் கட்டத்தில் உள்ள நோயாளியெனில், இறப்புக்குப் பின் பணியாளருக்குச் சில வார ஊதியம் தர இயலுமா என்று முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். இயலாவிடினும், அவருடைய பணியைப் பாராட்டி ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அடுத்த வேலைக்கு அது அவருக்கு உதவும்.

குடும்பத்தில் ஒருவரே பராமரிப்பவராக இருந்தால்

பணியாளரை அமர்த்த எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் பெண்களே ஊதியமின்றி இப்பணியைச் செய்கின்றனர். உங்களுக்கும் பயிற்சி பெறும் உரிமை உண்டு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன், கீழ்க்கண்டவற்றைச் செவிலியர் முன்னிலையில் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். "பார்த்தேன்" என்பது போதாது. "செய்தேன்" என்று சொல்லும் நிலை வேண்டும்.

• படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புதல். குதிகால், இடுப்பு, இடுப்பின் பின்புற எலும்பு ஆகிய இடங்களை நாள்தோறும் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். வளைய வடிவத் தலையணையைத் தவிருங்கள்.
• உணவூட்டும்போதும் அதன்பின் அரை மணி நேரமாவதும் தலைப்பகுதியை உயர்த்தி வைத்தல்.
• சிறுநீர்ப் பையை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுதல்.
• ஒவ்வொரு பணிக்கும் முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவுதல்.

தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, கடும் பாதிப்புடையோர், அறிவுசார் குறைபாடுடையோர், தசைச்சிதைவு நோயுற்றோர், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோர் முதலியோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

பராமரிப்பவரும் நோயுறக்கூடும். தொடர்ந்து உறக்கமின்மை, காரணமற்ற எரிச்சல், அழுகை, "இது எப்போது முடியும்" என்ற எண்ணம் ஆகியவை தோன்றினால் அது உங்கள் அன்பில் உள்ள குறை அன்று. உடலும் மனமும் களைத்திருப்பதன் அறிகுறி. 14416 என்ற மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். வாரத்தில் சில மணி நேரமாவது உறவினர் ஒருவர் பொறுப்பேற்று உங்களை விடுவிக்க வேண்டும். அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

எப்போது உடனே மருத்துவ உதவி பெற வேண்டும்?

• தோல் உரிந்து புண்ணாதல், கருமை, துர்நாற்றம்
• காய்ச்சல், மூச்சுத் திணறல், உணவூட்டும்போது இருமலும் புரையேறுதலும்
• ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் வராமை, குழாயில் இரத்தம்
• திடீர்க் குழப்பம், அளவுக்கு மீறிய உறக்கம்
• கட்டுக்கு அடங்காத வலி

அவசர நிலையில் 108.

யாரை அணுகுவது?

உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நலவாழ்வு மையத்திலோ நோயாளியின் மருத்துவமனைச் சீட்டைக் காட்டி, "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பதிவு செய்யக் கேளுங்கள். நோயாளியை அழைத்து வர வேண்டியதில்லை. சுகாதாரத் தகவலுக்கு 104, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய எண்களை அழைக்கலாம்.

நினைவில் கொள்க

அரசு பயிற்சி அளிக்கலாம், சான்றிதழ் தரலாம், காப்பீடும் ஓய்வூதியமும் ஏற்படுத்தலாம். ஆனால் ஒரு பராமரிப்புப் பணியாளர் அடுத்த மாதமும் உங்கள் வீட்டுக்கு வருவாரா என்பது, அவருக்கு உரிய நாளில் ஊதியமும், போதிய உறக்கமும், மரியாதையும் கிடைத்தனவா என்பதைப் பொறுத்தது. அவர் நீடித்திருந்தால் நன்மை அடைபவர் முதலில் உங்கள் நோயாளியே. இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் நோயாளியின் பெயரையும் அவர் உண்ணும் மருந்துகளையும் எழுதுங்கள். அடுத்த வரியை உங்கள் பணியாளரை எழுதச் சொல்லுங்கள்.